ஹெர்மனஸ்ல நாலு நாள்: எதை முதல்ல செய்யணும், எதை எப்ப செய்யக்கூடாது – முழுமையான வழிகாட்டி

நான் கேப் டவுன்ல வேலை பாக்கறேன், வீட்டுக்காரி டர்பன் சாட்ஸ்வொர்த் பொண்ணு. அதனால வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது யாராவது வருவாங்க, டர்பன்லருந்து மாமியார் வீட்டு ஆளுங்க, இல்லன்னா ஊர்லருந்து அம்மா அப்பா, சித்தப்பா குடும்பம். வந்தவங்களை எல்லாம் பக்கத்துல இருக்கற ஹெர்மனஸ்ங்கற கடற்கரை ஊருக்குத்தான் கூட்டிட்டுப் போறது. இத்தனை தடவை போனதுல ஒண்ணு நல்லா தெரிஞ்சுது, அங்க பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு எல்லாரும் தேடிப் படிச்சிட்டுத்தான் வராங்க, ஆனா எதை எந்த வரிசைல செய்யறதுன்னு யோசிக்காம வந்து நாளை வீணாக்கிடறாங்க. கடலும் காத்தும் நம்ம ப்ளானுக்கு வளைஞ்சு குடுக்காது, நாமதான் அதுக்கு ஏத்த மாதிரி நாளைப் பிரிச்சு வெச்சுக்கணும். அந்தப் பிரிக்கற முறையைத்தான் இதுல எழுதறேன்.

1. எந்த மாசம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வீட்ல எல்லாரையும் உக்கார வெச்சு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: திமிங்கலம் பாக்கணுமா, கடல்ல குளிக்கணுமா? ரெண்டும் ஒரே ட்ரிப்ல நல்லா அமையாது.

திமிங்கலம்னா ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும். சதர்ன் ரைட் திமிங்கலம் அன்டார்டிக் பக்கத்துலருந்து குட்டி போடறதுக்கு ஹெர்மனஸ் இருக்கற வாக்கர் பே விரிகுடா உள்ள வருது. ஜூன்ல ஒண்ணு ரெண்டுதான் கண்ல படும், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் நல்ல நேரம், அப்ப தாயும் குட்டியும் கரைக்கு ரொம்ப பக்கத்துலயே கிடக்கும். நவம்பர் கடைசில பெரும்பாலும் கிளம்பிடும். டிசம்பர்ல வந்து "எங்க திமிங்கலம்"னு கேட்ட குடும்பங்களை நானே பாத்திருக்கேன், பாவம், யாரும் சொல்லாம விட்டுட்டாங்க.

குளிக்கணும்னா டிசம்பர்லருந்து மார்ச். ஆனா டிசம்பர் நடுலருந்து ஜனவரி நடு வரைக்கும் ஸ்கூல் லீவு, ஊரே பிதுங்கும், வாடகையும் ஏறிடும். பிப்ரவரி, மார்ச் எவ்வளவோ தேவலை, காத்தும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

மழைக் கணக்கு தெரியாம மாட்டிக்கறவங்களும் இருக்காங்க. டர்பன், ஜோபர்க் ரெண்டுலயும் வெயில் காலத்துல மழை, குளிர் காலத்துல வறட்சி. ஹெர்மனஸ் இருக்கற மேற்கு கேப் மாகாணத்துல நேர் எதிர், மே முதல் ஆகஸ்ட் வரைதான் மழை. ஜூலைல வந்தா ரெண்டு நாள் அறைக்குள்ளயே உக்கார வேண்டி வரலாம், அதனாலதான் நான் எப்பவும் செப்டம்பரைச் சொல்றது. அதுலயும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பத்துல திமிங்கலத் திருவிழா நடக்கும், அந்த வார இறுதில பார்க்கிங் கிடைக்காது, நடுவுல ரோடு அடைச்சிருப்பாங்க. அதுக்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோ பாத்துக்கோங்க.

2. எந்தப் பக்கம் தங்கறதுன்னு ஆளைப் பாத்து முடிவு பண்ணுங்க

ஹெர்மனஸ் மலைக்கும் கடலுக்கும் நடுவுல நீளவாக்குல கிடக்கற ஊர். ஒரு கோடிக்கும் இன்னொரு கோடிக்கும் நடந்து போய் வர முடியாது, ஊருக்குள்ள பஸ்ஸும் நம்பற மாதிரி இல்ல, டாக்ஸி ஆப்ல கார் கிடைக்கும்னு எண்ணி வராதீங்க. அதனால தங்கற இடம் முக்கியம்.

வயசானவங்க இருந்தா பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துல, ஊர் நடுவுல எடுங்க. காலைல எழுந்து சால்வையைப் போத்திக்கிட்டு தானா நடந்து போய் பெஞ்ச்ல உக்காந்து கடலைப் பாக்கலாம், கார் எடுக்க நம்மள எதிர்பாக்க வேண்டாம். எங்க அப்பாவுக்கு அந்த ட்ரிப்ல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

சின்னப் பசங்க இருந்தா கிழக்குப் பக்கம் ஃபூல்க்ளிப். மேப்ல எழுத்தைப் பாத்து "வோயல்க்ளிப்"னு கேட்டா யாருக்கும் புரியாது, அது ஆஃப்ரிகான்ஸ், ஃபூல்க்ளிப்னுதான் சொல்லணும். பீச் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. ஒன்ரஸ் பக்கம் வாடகை குறைவா தெரியும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் கார் எடுக்கணும்.

செல்ஃப் கேட்டரிங் வீடு, அதாவது நாமளே சமைச்சுக்கற வாடகை வீடு, புக் பண்றதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. ஹீட்டர் இருக்கா, எத்தனை ரூம்ல? (இங்க வீடுங்கள்ல பொதுவா ஹீட்டிங் கிடையாது, செப்டம்பர் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போகும், டர்பன் ஆளுங்க நடுங்கிடுவாங்க.) அடுப்பு நாலு பர்னரா, இல்ல ரெண்டு ப்ளேட்டா? கரண்ட் போனா பேக்கப் இருக்கா? இதுக்கு மூணுக்கும் நேரா பதில் சொல்லாத வீட்டை நான் எடுக்கறதில்ல.

3. பெட்டில என்ன வைக்கணும்

செப்டம்பர் நடுலருந்து அக்டோபர் நடுவரைக்கும் புரட்டாசி. டர்பன் தமிழ்க் குடும்பங்கள்ல மாசம் பூரா கவிச்சி தொட மாட்டாங்க, அதுவும் சனிக்கிழமைன்னா ரொம்ப கவனமா இருப்பாங்க. திமிங்கல சீசனும் சரியா அதே நேரம்தான். ஹெர்மனஸ் ஹோட்டல்கள்ல பாதி மெனு மீன், மீதி இறைச்சி, சைவம்னு கேட்டா பீட்சா, சாலட், சிப்ஸ்ல முடிஞ்சிடும். முதல் தடவை மாமியார் மூணு நாளும் சிப்ஸும் டீயுமா இருந்தாங்க, எனக்கு அது இன்னிக்கும் மனசுல உறுத்துது. அதுக்கப்புறம் நாங்க ஒரு தனிப் பெட்டியே கட்டறோம்: ஒரு குக்கர், ஒரு கடாய், ஒரு தோசைக்கல், துவரம்பருப்பு, சாம்பார் பொடி, புளி, அப்பளம், ஊறுகாய். வாடகை வீட்டுப் பாத்திரத்துல என்னென்ன சமைச்சிருப்பாங்களோன்னு பெரியவங்களுக்கு மனசு ஒப்பாது, அதனால சொந்தப் பாத்திரம் கண்டிப்பா வேணும். கறிவேப்பிலை, நல்ல பச்சை மிளகாய் எல்லாம் நான் கேப் டவுன் ரைலண்ட்ஸ்ல வாங்கிட்டுப் போயிடுவேன். காய், பால், தயிர், அரிசி அங்க சூப்பர்மார்க்கெட்லயே தாராளமா கிடைக்கும், அதைச் சுமக்காதீங்க.

துணி விஷயத்துல குடை வேண்டாம், அங்க அடிக்கற காத்துல முதல் அஞ்சு நிமிஷத்துலயே மடங்கிடும். தொப்பியோட காத்துப் புகாத ஜாக்கெட் ஒண்ணு ஆளுக்கு வேணும். கைக்குழந்தை இருந்தா காதை மூடற குல்லா. ரப்பர் செருப்பு பாறைல வழுக்கும், பின்னாடி வார் இருக்கற சாண்டலோ ஷூவோ போடச் சொல்லுங்க. பைனாகுலர் ஒண்ணு, 8 மடங்கு காட்டறது போதும், அதுக்கு மேல போனா கை நடுங்கி ஒண்ணும் தெரியாது. வெயில் மெதுவா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் தோலைச் சுட்டுடும், சன்ஸ்க்ரீன் மறக்காதீங்க.

4. போற வழி

கேப் டவுன் ஏர்போர்ட் என்2 நெடுஞ்சாலை மேலயே இருக்கு, அதனால ஊருக்குள்ள போக வேண்டிய அவசியமே இல்ல. கார் எடுத்ததும் நேரா என்2ல கிழக்கே திரும்பி, சாமர்செட் வெஸ்ட், சர் லோரிஸ் பாஸ்ங்கற மலைக்கணவாய் ஏறி, எல்கின், ஹவ்ஹூக் பாஸ் தாண்டி, பாட் ரிவர்ல ஆர்43 ரோடு பிடிச்சா ஹெர்மனஸ். மொத்தம் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ஒன்றரை மணி நேரம். ரயில் கிடையாது.

ஏர்போர்ட்லருந்து கிளம்பும்போது பகல் வெளிச்சம் இருக்கற மாதிரி ஃப்ளைட் பாருங்க. மேப் ஏதாவது குறுக்கு வழி காட்டினாலும் என்2வை விட்டு இறங்காதீங்க, பையையெல்லாம் டிக்கில வெச்சிட்டு சாமர்செட் வெஸ்ட் வர்ற வரைக்கும் எங்கயும் நிறுத்தாதீங்க. பெட்ரோல், பாத்ரூம் எல்லாம் அங்க. பாஸ் மேல சில நாள் மூடுபனி அடைச்சிருக்கும், லைட் போட்டு மெதுவா ஏறுங்க, பின்னாடி வர்றவன் அவசரப்பட்டா வழி விட்டுடுங்க.

இன்னொரு வழி இருக்கு, கார்டன்ஸ் பேலருந்து ஆர்44, கடலை ஒட்டியே ரூயி எல்ஸ், ப்ரிங்கிள் பே, பெட்டிஸ் பே வழியா. அழகு சொல்லி முடியாது. ஆனா வளைவு வளைவா இருக்கும், ஃப்ளைட்ல வந்து இறங்கின களைப்புல அதுல போனா பின்சீட்ல உக்காந்தவங்களுக்குத் தலை சுத்தி வாந்திதான். அதை ஒரு தனி நாளா, காலைல ஹெர்மனஸ்லருந்து கிளம்பி பெட்டிஸ் பே வரைக்கும் போய் வர்றதா வெச்சுக்கோங்க. அங்க ஸ்டோனி பாயிண்ட்ல ஆப்பிரிக்கப் பென்குவின் கூட்டம் இருக்கு, மரப்பாதை மேல நின்னு பாக்கலாம். 2024ல அந்த இனத்தை அழியற விளிம்புல இருக்குன்னு அறிவிச்சிருக்காங்க, பசங்க வேலிக்குள்ள கை விடாம பாத்துக்கோங்க. சாயங்காலம் சீக்கிரம் மூடிடுவாங்க, அதனால காலைலயே போங்க.

5. போய்ச் சேந்த அன்னிக்கு ஒண்ணும் செய்யாதீங்க

நிஜமாத்தான் சொல்றேன். பெட்டியை இறக்கிட்டு, ரசம் சோறு வெச்சு சாப்பிட்டுட்டு, சாயங்காலம் பழைய துறைமுகம் வரைக்கும் மட்டும் நடந்துட்டு வாங்க. கீழ பழைய மீன்பிடிப் படகுங்களைத் திறந்த வெளி மியூசியமா வெச்சிருக்காங்க, மேல பக்கத்துல கியரிங்ஸ் பாயிண்ட்னு ஒரு முனை, அங்க நின்னா விரிகுடா முழுசும் தெரியும்.

அங்க நின்னு நீங்க செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. காத்து எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு பாருங்க, போன்ல அடுத்த மூணு நாள் காத்து நிலவரத்தைத் திறந்து பாருங்க, கடல் தண்ணி ஏறி இறங்கற நேரம் காட்டற டைட் அட்டவணையையும் பாருங்க. எந்த நாள் காலைல காத்து குறைவோ அது போட் நாள். தண்ணி நல்லா வத்தற நேரம் பகல்ல வர்ற நாள் பாறைக்குளம் (தண்ணி வத்தினப்புறம் பாறை நடுவுல தேங்கி நிக்கற குட்டை) பாக்கற நாள். காத்து அடிக்கற நாள் பென்குவினுக்கோ, ஹேமல் என் ஆர்டா பள்ளத்தாக்குப் பக்கமோ, ஃபெர்ன்க்லூஃப் மலைப்பூ பாக்கவோ போங்க. இதை அன்னிக்கு ராத்திரியே பேப்பர்ல எழுதிடுங்க, காலைல எழுந்து "இன்னிக்கு எங்க போலாம்"னு ஆரம்பிச்சா பதினோரு மணி ஆயிடும், அதுக்குள்ள காத்து கிளம்பிடும்.

டைட் கணக்கு நம்ம ஆளுங்களுக்கு ஈஸிதான். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி தண்ணி ரொம்ப ஏறும், ரொம்ப வத்தும். இந்தக் கரைல அந்த நாட்கள்ல வத்தற நேரம் காலைல ஒன்பது பத்து மணி வாக்குல வரும், அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். காலண்டர்ல அமாவாசையைப் பாத்து ட்ரிப் தேதி வெச்சா பாறைக்குளம் பாக்கறதுக்குப் பசங்களுக்கு அருமையான நேரம் அமையும்.

6. போட்டை முதல் நல்ல காலைல வைங்க, கடைசி நாள்ல வைக்கவே வைக்காதீங்க

இதுலதான் நான் பெரிய தப்பு பண்ணேன். சாட்ஸ்வொர்த்லருந்து பெரியம்மா வந்திருந்தாங்க, எழுபது வயசுக்கு மேல, திமிங்கலத்தைப் பக்கத்துல பாக்கணும்னு ரொம்ப ஆசை. நான் "நல்லதைக் கடைசில வெப்போம்"னு ஞாயித்துக்கிழமைக்கு போட் புக் பண்ணேன். சனிக்கிழமை ராத்திரியே அலை ஏறிடுச்சு, காலைல ஆறரைக்கு போன் வந்துச்சு, இன்னிக்கு எந்தப் படகும் கிளம்பாதுன்னு. சாயங்காலம் அவங்களுக்கு ஃப்ளைட். அவங்க ஒண்ணும் சொல்லல, "பரவால்ல தம்பி"ன்னாங்க, அந்தப் பரவால்லயைக் கேக்க என்னால முடியல.

அதனால புக் பண்ணும்போது ட்ரிப்போட முதல் முழு நாள் காலைக்குப் போடுங்க. கேன்சல் ஆனா அடுத்த நாள், அதுவும் ஆனா அதுக்கடுத்த நாள்னு உங்ககிட்ட இடம் இருக்கும். காலை முதல் ட்ரிப்தான் நல்லது, மதியத்துக்கு மேல காத்து கிளம்பினா கடல் குலுக்கும். வானிலையால கேன்சல் ஆனா காசு திரும்புமா, தேதி மாத்துவாங்களான்னு புக் பண்ணும்போதே கேட்டுடுங்க.

படகு புதுத் துறைமுகத்துலருந்து கிளம்பும், பழைய துறைமுகத்துலருந்து இல்ல. பேரைப் பாத்துக் குழம்பி தப்பான இடத்துல போய் நின்னு படகை விட்டவங்க உண்டு, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். திமிங்கலம் பாக்கப் போகும்போது பெர்மிட் உள்ள படகுல மட்டும் ஏறுங்க. பெர்மிட் இருந்தா 50 மீட்டர் வரைக்கும் கிட்ட போகலாம், இல்லாத படகு 300 மீட்டர் தள்ளியே நிக்கணும், அதுதான் இங்க சட்டம்.

வாந்தி வராம இருக்க: மாத்திரையை கடல்ல போய் போட்டா வேலை செய்யாது, கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது, ரெண்டு இட்லியோ காஞ்ச ரொட்டியோ போதும். படகோட பின்பக்கம் உக்காருங்க, குலுக்கல் அங்க குறைவு. போனையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க, தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டைப் பாத்துட்டே இருங்க.

7. கரையிலிருந்தே திமிங்கலம் பாக்கறது எப்படி

போட் கிடைக்கலன்னாலும் கவலைப்படாதீங்க. ஹெர்மனஸோட விசேஷமே கரைல நின்னு பாக்கறதுதான், தண்ணி பாறை ஓரத்துலயே ஆழமா இருக்கறதால அதுங்க அவ்வளவு கிட்ட வரும்.

புதுசா வர்றவங்க எல்லாரும் வந்ததும் பைனாகுலரைக் கண்ல வெச்சுக்கறாங்க, அதுதான் தப்பு. பைனாகுலர்ல கடலோட ஒரு சின்ன வட்டம்தான் தெரியும், அந்த வட்டத்துக்குள்ள திமிங்கலம் வர்ற வரைக்கும் தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். முதல்ல வெறும் கண்ணால இடது கோடியிலருந்து வலது கோடி வரைக்கும் மெதுவா பாருங்க. நீங்க தேட வேண்டியது திமிங்கலத்தை இல்ல, அது விடற மூச்சை. சதர்ன் ரைட்டுக்கு மூச்சு ரெண்டாப் பிரிஞ்சு வி எழுத்து மாதிரி மேல எழும்பும், ஒரு நொடி வெள்ளையா நின்னு காத்துல கரைஞ்சிடும். முதுகுல துடுப்பும் கிடையாது, அதனால தண்ணி மேல வழவழன்னு ஒரு கருப்புப் பாறை மாதிரிதான் கிடக்கும். "அது பாறைப்பா"ன்னு நீங்க சொன்ன அந்தப் பாறை அஞ்சு நிமிஷம் கழிச்சு இடம் மாறியிருந்தா அதுதான். இடம் தெரிஞ்சதுக்கு அப்புறம் பைனாகுலரை எடுங்க, அப்ப தலை மேல வெள்ளையா மரு மாதிரி திட்டுத் திட்டா இருக்கறது கூட தெரியும்.

இன்னொரு விஷயம், தென் அரைக்கோளத்துல மதிய வெயில் வடக்குப் பக்கம் இருக்கும், ஹெர்மனஸ்ல கடல் தெற்கே இருக்கு. அதனால நடுப்பகல்ல வெயில் உங்க முதுகுல விழும், கண்ணு கூசாது. ஊர்லருந்து வர்றவங்களுக்கு இந்தத் திசை தலைகீழா தெரியும். மழைக் காத்து அடிச்சு ஓய்ஞ்ச மறுநாள் காலைதான் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அந்த நாளை விட்டுடாதீங்க.

எங்க நிக்கறது? கியரிங்ஸ் பாயிண்ட் நல்லது, க்வாய்வாட்டர் அதை விட நல்லது. பெரியம்மா ஃப்ளைட்டுக்கு முன்னாடி அந்த ஞாயித்துக்கிழமை க்வாய்வாட்டர் பெஞ்ச்லதான் உக்கார வெச்சேன், அலை அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு, அரைமணி ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு சத்தம், பஸ்ல ஏர் பிரேக் விடுவாங்களே அந்த மாதிரி, ஆனா அதை விடக் கனமா, கீழே இருந்து. திரும்பிப் பாத்தா பாறைக்கு அந்தாண்டையே தாய் ஒண்ணு, அது ஓரத்துல குட்டி. அந்தக் குட்டியே நம்ம கார் நீளம் இருக்கும். அவங்க என் கையைப் பிடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

சீசன்ல ஊர் நடுவுல கெல்ப்ங்கற கடல்பாசில செஞ்ச கொம்பு ஊதற ஒருத்தர் சுத்துவார், திமிங்கலம் எங்க தெரியுதுன்னு ஊதிச் சொல்றதுதான் அவர் வேலை, 1992லருந்து இந்த வழக்கம் இருக்கு. அவரைப் பாத்தா நின்னு கேளுங்க.

8. கிளிஃப் பாத் நடை: கிழக்குலருந்து மேற்கே நடங்க

புதுத் துறைமுகத்துலருந்து க்ரொட்டோ பீச் வரைக்கும் கடலை ஒட்டியே ஒரு நடைபாதை, 10 முதல் 12 கிலோமீட்டர். எல்லாரும் புதுத் துறைமுகத்துல ஆரம்பிச்சு கிழக்கே நடப்பாங்க, அப்ப காலை வெயில் கண்ணுக்கு நேரா, தென்கிழக்குக் காத்து மூஞ்சிக்கு நேரா. நடுவழில பழைய துறைமுகம் பக்கம் காபி கடையைப் பாத்ததும் நடை முடிஞ்சிடும்.

நான் சொல்றது இது: ஒரு காரைப் புதுத் துறைமுகத்துல நிறுத்திட்டு இன்னொரு கார்ல க்ரொட்டோ வந்து அங்கருந்து நடங்க. ஒரு கார்தான்னா யாராவது ஒருத்தர் கொண்டு வந்து விடட்டும். வெயிலும் காத்தும் முதுகுப் பக்கம் வந்துடும். க்ரொட்டோ, ஃபூல்க்ளிப், கம்மாபாய், லாங்பாய், அப்புறம் க்வாய்வாட்டர், சீவர்ஸ் பாயிண்ட், பழைய துறைமுகம், ஃபிக்ஸ் பூல், கடைசில புதுத் துறைமுகம், இதுதான் வரிசை. நின்னு நின்னு போனா நாலு மணி நேரம். எட்டு மணிக்கு முன்னாடி கிளம்புங்க, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி வைங்க, நடுவுல நிழல் கம்மி.

பெரியவங்க முழுசா நடக்க வேண்டாம். பழைய துறைமுகத்தைச் சுத்தி உள்ள பகுதி நல்லா சமமா இருக்கும், அடிக்கடி பெஞ்ச் இருக்கு, பாறை இடுக்குல டாஸிங்க வெயில் காஞ்சிட்டு இருக்கும், முயல் அளவுல காது சின்னதா இருக்கற பிராணி. அதுக்குத் தின்பண்டம் போடாதீங்க, கடிக்கும்.

தனியா நடக்காதீங்க, இருட்டினதுக்கு அப்புறம் போகவே வேண்டாம், போன், கேமராவைக் கழுத்துல தொங்க விடாதீங்க.

பாறை மேல இறங்கறவங்களுக்கு ஒரே விதிதான், நான் எல்லார்கிட்டயும் கண்டிப்பா சொல்றது: பாறை ஈரமா இருந்தா அங்க நிக்காதே. ஈரம்னா அலை அங்க வரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம். சின்ன அலை பத்து வரும், பதினோராவது பெருசா வரும். அதனால இறங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னு பாருங்க. க்வாய்வாட்டர்னா கோபக்காரத் தண்ணின்னு அர்த்தம், பேரு சும்மா வெக்கல. செல்ஃபிக்காக முதுகைக் கடலுக்குக் காட்டிட்டு நிக்கறது இந்த ஊர்ல செய்யவே கூடாத காரியம்.

9. கடல்ல இறங்கறது

டர்பன் கடல் வெதுவெதுன்னு இருக்கும், அங்க பழகினவங்க ஓடிப் போய் குதிச்சிடுவாங்க. இங்க தண்ணி 15 டிகிரி சுத்தி இருக்கும், திடீர்னு குதிச்சா மூச்சு அடைக்கும், நெஞ்சு படபடக்கும். முழங்கால், இடுப்பு, அப்புறம் பிடரிக்குத் தண்ணி, இப்படி மெதுவா இறங்குங்க. இருதய நோய் இருக்கறவங்க கால் நனைக்கறதோட நிறுத்திக்கறது நல்லது. வெயில் கொளுத்தற நாள்ல தண்ணியும் சூடா இருக்கும்னு நினைக்காதீங்க, தென்கிழக்குக் காத்து மேல்தண்ணியைத் தள்ளிட்டுப் போயிடும், அடியிலருந்து குளிர்ந்த தண்ணி மேல வரும், வெயில் நாள்லதான் சில சமயம் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கும்.

நம்ம ஊர்லருந்து வர்ற பெண்கள் புடவை, சுடிதாரோட இறங்கறது பழக்கம். நனைஞ்ச துணி காலைச் சுத்தும், இந்தக் குளிர்ல உடம்பும் சீக்கிரம் விறைச்சிடும். முழுக்கை நீச்சல் உடை கிடைக்குது, அதை வாங்கிக் குடுங்க.

சின்னப் பசங்களுக்கு முதல்ல ஃபிக்ஸ் பூல் மாதிரி டைடல் பூல், பாறைக்கு நடுவுல சுவர் கட்டின குளம், தண்ணி வத்தியிருக்கும்போது அலை உள்ள வராது. அதுக்கப்புறம் க்ரொட்டோ. அது நீளமான வெள்ளை மணல், சீசன்ல லைஃப்கார்ட் இருப்பாங்க, அவங்க நட்டிருக்கற கொடிகளுக்கு நடுவுலதான் குளிக்கணும். கம்மாபாய் சர்ஃபிங் பழகறவங்க இடம். லகூன் (காயல்) பக்கம் அமைதியா இருக்கும், ஆனா தண்ணி சரியில்லன்னு போர்டு வெச்சிருக்காங்களான்னு பாத்துட்டு இறக்குங்க.

ரிப் கரண்ட் பத்தி வீட்ல எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லுங்க. ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவுல ஒரு இடத்துல மட்டும் உடையாம அமைதியா, கொஞ்சம் கருப்பா தெரியும். புதுசா வர்றவங்க "இங்க அலை இல்ல"ன்னு சரியா அந்த இடத்துலதான் பசங்களை இறக்குவாங்க. அதுதான் தண்ணி வெளிய இழுத்துட்டுப் போற வழி. மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நீந்தாதீங்க, கைகால் ஓஞ்சிடும். மிதந்துக்கிட்டே கையைத் தூக்குங்க, முடிஞ்சா கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி இழுப்பை விட்டு வெளிய வாங்க. கரைல நிக்கறவங்க பின்னாடியே குதிக்கக்கூடாது, கம்பத்துல பிங்க் கலர் மிதவை தொங்கும், என்எஸ்ஆர்ஐங்கற கடல் மீட்பு அமைப்பு மாட்டி வெச்சது, அதை எடுத்து வீசுங்க, 112க்கு அடிங்க.

பீச்ல மது கூடாது. சிப்பி, சங்கு மாதிரி உயிருள்ளதை எதையும் பிடுங்காதீங்க, பெர்லமூன் (அபலோன்ங்கற கடல் நத்தை) தொட்டாலே கேஸ்.

10. பபூன்

பபூன்னா நாய் மாதிரி நீள மூஞ்சி இருக்கற பெரிய குரங்கு, ஃபூல்க்ளிப் பக்கம் மலையிலருந்து இறங்கி வரும். மாமியார் வடை சுட்டுக்கிட்டு இருந்தாங்க, எண்ணெய்ப் புகைக்காக பின்கதவைத் திறந்து வெச்சிருந்தாங்க. பெரிய ஆண் ஒண்ணு நேரா உள்ள வந்து மேடை மேல இருந்த தட்டை அப்படியே எடுத்துட்டுப் போச்சு. அவங்க கத்தாம ஓரமா ஒதுங்கி நின்னாங்க, அதுதான் சரியான செயல். வழியை மறிச்சாதான் ஆபத்து, அதுக்கு வெளிய போக வழி விட்டுடணும். சமைக்கும்போது கதவு, ஜன்னல் சாத்துங்க, கார்ல பழம் வெளிய தெரியற மாதிரி வைக்காதீங்க, வாழைப்பழம் குடுக்கறது புண்ணியம்னு நினைச்சு குடுக்காதீங்க. மனுஷன் கைல வாங்கிப் பழகினது வீடு வீடா ஏறும், கடைசில அதைக் கொல்ல வேண்டியதாயிடும்.

11. மீன் வாங்கறது (புரட்டாசி இல்லாதவங்களுக்கு)

புதுத் துறைமுகத்துல கடை இருக்கு. ஹேக் முள்ளு கம்மி, பசங்களுக்கு வறுக்கலாம். ஸ்னூக் ருசி அதிகம், ஆனா முள்ளு நீளமா ஊசி மாதிரி இருக்கும், புளிக் குழம்புக்குப் போட்டா துண்டு உடையாம பாத்து எடுங்க, பசங்க தட்டுல பெரியவங்க பிரிச்சுக் குடுக்கணும். நடை முடியற இடமும் இதேதான்ங்கறதால வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வந்து அடுப்பு பத்த வெச்சிடலாம்.

12. திரும்பற நாள்

காலைல கடைசியா ஒரு தடவை கியரிங்ஸ் பாயிண்ட் போயிட்டு, பத்து மணிக்குள்ள வீட்டைக் காலி பண்ணுங்க. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டீங்கன்னா எல்கின் பக்கம் ஃபார்ம் ஸ்டால்ல நிறுத்தி சாப்பிட்டுட்டு ஆப்பிளும் வாங்கிக்கலாம். ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல கேப் டவுன் திரும்பற வண்டி எல்லாம் சர் லோரிஸ் பாஸ்லதான் வரிசை கட்டும், ஒரு லாரி படுத்துச்சுன்னா வேற சட்டுனு வழி கிடையாது. அதனால ஃப்ளைட் சாயங்காலம் ஆறுன்னா ஹெர்மனஸ்லருந்து பதினொன்னுக்குக் கிளம்பிடுங்க, திங்கக்கிழமை லீவு கிடைச்சா திங்கக்கிழமை காலைலயே திரும்புங்க.